பற்றுச்சீட்டில் ஒரு வரி எழுதித் தாருங்கள்

கொழும்பில் வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் வணிகப் பெருமக்களுக்கு,

வணக்கம்.

என் மேசையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பற்றுச்சீட்டு கிடக்கிறது. அதில் "பார்ட்ஸ் 1" என்று கிறுக்கப்பட்டிருக்கிறது; எதிரே 74,000 ரூபா. திகதியில் மாதம் மட்டும் தெரிகிறது, நாள் றப்பர் முத்திரைக்குள் மறைந்துவிட்டது. அந்த "பார்ட்ஸ் 1" என்ன பொருள், புதியதா பழையதா, எந்த வாகனத்துக்குரியது என்று கேட்டால் சீட்டு வாய் திறக்காது. எழுதியவரும் திறக்கமாட்டார். கடையின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. ஒரு கடையைச் சந்தியில் நிறுத்தி என்ன ஆகப்போகிறது? தவிரவும், இதே மாதிரிச் சீட்டுகள் என் மேசை இலாச்சியில் வேறும் இருக்கின்றன.

ஆகவே கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். நீங்கள் விற்கும் சாமான் புதியதா, பாவித்ததா, ஒட்டுப்போட்டுத் திருத்தியதா என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதித் தாருங்கள்.

என்னிடம் இருப்பது 1997 ஆம் ஆண்டு டொயோட்டா ஸ்டார்லெட் கிளான்சா. 1331 சி.சி. இயந்திரம், காற்றை அமுக்கி அதற்குள் தள்ளும் டர்போ, தொழிற்சாலையிலிருந்து வந்தபோது 135 குதிரைவலு. அதை ஸ்போர்ட்ஸ் கார் என்று நான் சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தச் சின்ன பொனட்டுக்குள் எவ்வளவு சூடு அடைந்து கிடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைக்கும்வரை, எங்களைப் போன்றவர்கள் கையில் இருந்ததைக் காப்பாற்றித்தான் ஓடினோம். அனுமதி வந்த பிறகு விலையைக் கேட்டுவிட்டு இன்னும் பத்திரமாகக் காப்பாற்றுகிறோம்.

சூட்டைக் குறைக்க ஒன்றரை இலட்சம் ரூபா ஒதுக்கினேன். அதற்குமேல் ஒரு சதமும் இல்லை. இயந்திரத்தின் சூட்டைச் சுமந்து வரும் நீரை ஆறவைக்கும் பழைய ரேடியேற்றரின் அடியில் கசிவு இருந்ததால் அதிலிருந்து தொடங்கினேன். "பெட்டி பிரிக்காத சாமான் தம்பி, நேரே ஜப்பான்" என்றார் அந்தச் சீட்டைத் தந்த கடை முதலாளி. பெட்டியில் ஜப்பானிய எழுத்து இருந்தது உண்மை. பளபளவென்ற கறுப்பு நிறம், நீர் தேங்கும் பிளாஸ்டிக் தலைகள், பூச்சு வாசனைகூடப் புதிது. கூடவே இன்னொரு அறிவுரையும் கிடைத்தது: "டர்போவுக்கு 0.9 மூடி போதாது, 1.3 போடுங்கள், பிறகு கொதிக்கவே கொதிக்காது." 0.9, 1.3 என்பவை ரேடியேற்றர் மூடி தாங்கும் அழுத்தத்தின் எண்கள். மூடிக்கு 4,500 தனி.

அவர் சொன்னதில் பாதி சரி, அதனால்தான் நான் ஏமாந்தேன். மூடி தாங்கும் அழுத்தம் கூடினால் நீர் கொதிக்கும் வெப்பநிலையும் கூடும். 0.9 மூடியில் வெறும் நீர் ஏறக்குறைய 118 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது, 1.3 மூடி அதற்குமேல் இன்னுமோர் ஆறு பாகை தரும். அந்த ஆறு பாகைக்கு விலையாக ஹோஸ், இணைப்பு, பிளாஸ்டிக் தலை எல்லாமே கூடுதல் அழுத்தத்தைச் சுமக்க வேண்டும். நல்ல ரேடியேற்றர் சுமக்கலாம். எனக்குத் தந்தது எப்படிப்பட்டது என்று எனக்குத்தான் தெரியாது. அவருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா?

ஐந்து வாரம் ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அம்மாவைப் பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலிலிருந்து ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். காலி வீதியில் அந்த நேரத்தில் கார் ஓடுவதில்லை, நகர்கிறது. வெப்பநிலை ஊசி நடுவில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது மெல்லக் கீழே இறங்கியது. பாருங்கள், புதிய ரேடியேற்றர் வேலை செய்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். ஊசி ஏன் இறங்கியது என்று பிறகுதான் புரிந்தது: உணரி நீரில் மூழ்கியிருந்தால்தானே நீரின் சூட்டைச் சொல்லும்? நீர் போய்விட்டது. அது ஆவியில் நின்று எனக்குப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

பொனட்டின் இரண்டு பக்கமும் வெள்ளையாக ஆவி எழுந்தது. பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தபடியே இருந்தது. ஒரு முச்சக்கரவண்டிச் சாரதி இறங்கி வந்து, நான் துணியோடு மூடியைத் தொடப் போனதைக் கண்டு கையைப் பிடித்து இழுத்தார். "ஐயா, முகம் வெந்துவிடும், அரை மணித்தியாலம் பொறுங்கள்." அவரே காரைத் தள்ளி ஓரமாக்கினார். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், நிற்க முடியாது. பட்டுச் சேலையோடு, மடியில் விபூதிப் பொட்டலமும் அர்ச்சனைத் தேங்காயும் வைத்துக்கொண்டு, மூடியிருந்த ஒரு கடையின் படியில் முக்கால் மணித்தியாலம் உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "இது புதுச் சாமான் என்றாயே" என்று மட்டும் ஒருமுறை கேட்டார்.

அடுத்த நாள் கராஜில் ரேடியேற்றரைக் கழற்றித் தரையில் வைத்தார்கள். மெக்கானிக் திருப்புளியின் நுனியால் மேல்தலையின் கழுத்தடியைச் சுரண்டினார். கறுப்புப் பூச்சு செதில் செதிலாக உதிர்ந்தது. கீழே சாம்பல் நிறத்தில் விரல் நீளத்துக்கு எபொக்சிப் பசை. பசை நடுவில் பிளந்திருந்தது. பிளவுக்குள் பிளாஸ்டிக்கின் பழைய வெடிப்பு, ஓரமெல்லாம் மஞ்சள் பிடித்து. சட்டகத்தைத் தட்டினார், தகடுகளின் அடியிலிருந்து செம்மண் கொட்டியது. நான் இந்தக் காரோடு கொழும்பை விட்டு வெளியே போய் ஒரு வருடமாகிறது. அந்தச் செம்மண் எந்த ஊருடையது என்று உங்களில் யாராவது சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கதை அதோடு முடியவில்லை. இயந்திரத்தின் மேல்மூடியான அலுமினிய ஹெட் சூட்டில் வளைந்ததா என்று பார்க்க, அதன்மேல் எஃகு விளிம்புகோலை வைத்து, இடையில் 0.15 மில்லிமீற்றர் தகட்டைச் செருகினார். வழுக்கிக்கொண்டு மறுபக்கம் வந்தது. இரண்டு தலைமயிரை ஒன்றாக வைத்த தடிப்பு. அந்த இரண்டு மயிர் இடைவெளிக்காக ஹெட்டைச் சீவி, கேஸ்கட் மாற்றி, கூலியோடு 110,000 ரூபா. என் ஒன்றரை இலட்சம் அப்படிப் போய், அதற்குமேலும் போனது.

ரேடியேற்றரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். "டர்போ கார் வைத்திருக்கிற பிள்ளைகள் எல்லோரும் இப்படித்தான், வேகமாக ஓட்டியிருப்பீர்கள்" என்றார். மாலை ஆறு மணிக்குப் பம்பலப்பிட்டியில் வேகமாக ஓட்டும் வித்தையை அவர் எனக்குக் கற்றுத் தந்தால் நான் ஏப்ரலில் மஹகஸ்தொட்ட மலையேற்றக் கார்ப் போட்டிக்கே போய்விடுவேன். பிறகு சுவரைக் காட்டினார். "விற்ற பொருட்கள் திரும்பப் பெறப்படமாட்டா." மூன்று மொழிகளிலும் இருந்தது. அரச அலுவலகங்களில் நாங்கள் எத்தனையோ வருடமாகக் கேட்டும் கிடைக்காத மும்மொழி ஒழுங்கு அது. தமிழில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை. அந்த அக்கறையில் நூற்றில் ஒரு பங்கைப் பற்றுச்சீட்டில் காட்டக் கூடாதா?

பாவித்த சாமான் வாங்க எனக்கு வெட்கமில்லை. இந்தக் காரின் கதவுக் கண்ணாடியிலிருந்து டர்போவுக்குப் போகும் எண்ணெய்க் குழாய் வரை பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடி எடுத்தவைதான். "இது பாவித்தது தம்பி, இந்த இடத்தில் கொஞ்சம் நெளிந்திருக்கிறது, பூட்டிப் பாருங்கள், சரிவராவிட்டால் நாளைக்குக் கொண்டுவாருங்கள்" என்று சொல்லி விற்ற ஒரு வயதானவரிடம் நான் இன்றும் போகிறேன். ஒட்டுப்போட்டது என்று எழுதியிருந்தால் அந்த ரேடியேற்றரை 15,000 ரூபாவுக்குக்கூட நான் வாங்கியிருக்கக் கூடும், ஆனால் 1.3 மூடியைக் கிட்டவும் சேர்த்திருக்கமாட்டேன். அந்த ஒரு வரி இருந்திருந்தால் என் ஹெட் தப்பியிருக்கும்.

வந்ததுதான் வந்தேன், இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். குறைந்த பணத்தோடு சூட்டைக் குறைக்க வருகிறவனுக்கு நீங்கள் முதலில் காட்டுவது எது? டர்போ அமுக்கிய காற்றை ஆறவைக்க முன்பக்கம் பூட்டும் பெரிய இன்டர்கூலர். கண்ணுக்கு அழகு, இலாபமும் கூட. இன்டர்கூலர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் ஊர் 32 பாகைக் காற்றை டர்போ 0.8 பார் வரை அமுக்கினால் அது 100 பாகையைத் தாண்டிச் சூடாகிறது. அந்தச் சூட்டோடு இயந்திரத்துக்குள் போனால் பெற்றோல் நேரங்கெட்டு வெடித்துப் பிஸ்டனைத் தின்னும். கிளான்சாவில் இன்டர்கூலர் இயந்திரத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றால் தோசைக்கல்தான். எல்லாம் சரி. ஆனால் பெரியதை முன்னால் பூட்டினால் அது ரேடியேற்றருக்குப் போகும் காற்றையல்லவா மறிக்கிறது? ரேடியேற்றரே தள்ளாடும் காரில் அதைப் பூட்டச் சொல்வது, மூச்சு வாங்குகிறவனுக்குத் தலைப்பாகை கட்டுவது மாதிரி.

முதலில் சொல்ல வேண்டியவை மலிவானவை. நீரின் சூட்டை எண்ணாகக் காட்டும் ஒரு நல்ல மீற்றர். நடுவில் தூங்கும் ஊசியை நம்பினால் என் கதிதான். விசிறியைச் சுற்றி ஒழுங்கான கூடு. கூடு இல்லாவிட்டால் விசிறி தன் வட்டத்துக்கு நேரே இருக்கிற காற்றைத்தான் இழுக்கும், மூலைகள் சும்மா கிடக்கும். ரேடியேற்றரின் ஓர இடைவெளிகளை அடைக்க ஸ்பொஞ்சுப் பட்டி, சில நூறு ரூபா. தொழிற்சாலை சொன்ன அழுத்தத்தில் புதிய மூடி, புதிய ஹோஸ். பிறகுதான் ரேடியேற்றர், அதற்குப் பிறகு எண்ணெய்க் கூலர், கடைசியாக அந்த அழகான இன்டர்கூலர். நெரிசலில் நிற்கும் காருக்குக் குறைவது காற்று, நீரோட்டம் அல்ல. அதனால்தான், இயந்திரம் சூடேறும்வரை ரேடியேற்றருக்குப் போகும் நீரை மறித்து வைக்கும் "தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியுங்கள், சரியாகிவிடும்" என்ற நம் ஊர் வைத்தியம் காலி வீதியில் பலிப்பதில்லை. ஓட்டத்தில் இயந்திரம் சூடேறாமல் பெற்றோல் குடிக்கும், நிற்கும்போது முன்போலவே கொதிக்கும்.

பச்சைச் சாயம் கலந்த குழாய்த்தண்ணீரைக் கூலன்ட் என்று விற்பவர்களைப் பற்றி எழுதினால் இந்த மடல் நீளும். துருவைத் தடுக்கும் சேர்மானம் எதுவும் இல்லாத அந்த நீரைக் குடித்து எத்தனை ரேடியேற்றர்கள் உள்ளே செத்தன என்று கராஜ்களில் கேட்டுப் பாருங்கள். வாகன வரியைப் பற்றியும் எனக்குச் சொல்ல இருக்கிறது. ஆனால் அது உங்களிடம் சொல்ல வேண்டியதல்ல. மன்னியுங்கள், கோபத்தில் வழி தவறிவிட்டேன்.

கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது வணிகரின் கடமை என்று 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கமும் இருக்கிறது. நான் இன்னும் அழைக்கவில்லை. அழைத்தால் கையில் என்ன இருக்கிறது? "பார்ட்ஸ் 1" என்ற ஒரு சொல். அதை வைத்து யார்தான் எதை நிரூபிக்க முடியும்? சீட்டு அப்படி எழுதப்படுவதன் காரணமும் அதுதானோ என்று சில இரவுகளில் எனக்குத் தோன்றுவதுண்டு.

ஆனாலும் பணிவாகவே கேட்கிறேன். ரேடியேற்றர் என்றால் ரேடியேற்றர் என்று எழுதுங்கள். புதியதா, பாவித்ததா, திருத்தியதா என்பதை அதன் பக்கத்தில் எழுதுங்கள். எந்த அழுத்தத்தில் சோதித்தீர்கள் என்ற எண்ணைப் போடுங்கள். சோதிக்கவில்லையென்றால் சோதிக்கவில்லை என்றே எழுதுங்கள், நான் கராஜில் கைப்பம்பால் பார்த்துக்கொள்கிறேன். அந்தச் சோதனையில் தோற்றால் ஒரு வாரத்துக்குள் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹெட் சீவி வந்துவிட்டது. இந்த மாதச் சம்பளம் கிடைத்ததும் ரேடியேற்றர் வாங்க உங்களிடம்தான் மறுபடியும் வருவேன், வேறு எங்கே போவது? கடையில் பேனா இல்லாவிட்டால் நானே ஒன்று கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாடிக்கையாளர்