வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள்

கோரா, அமோர்கோஸ் தீவு, கிரீஸ்
நவம்பர் 2025, கடைசி வாரம்

அன்புள்ள தோழிக்கு,

பிப்ரவரியில் நீ "உயிரோடு இருக்கியா இல்லையா, அதை மட்டும் சொல்லு" என்று கேட்டாய், நான் "இருக்கேன்" என்று பதில் போட்டதோடு சரி. கோபமாக இருப்பாய், இரு. உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகத் தங்கச்சி சொன்னாள், நிம்மதி. சின்னவன் மறுபடியும் கணக்கில் கோட்டை விட்டானாமே, அவனைத் திட்டாதே, அவன் யார் பிள்ளை என்று எனக்குத் தெரியும். தமிழ் டீச்சர் ரிட்டையர் ஆன பிறகும் பச்சைக் குடையோடுதான் போகிறாரா? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வீட்டுக்காரம்மா என்னை மே மாதத்தோடு காலி செய்யச் சொல்லிவிட்டார்.

அதைச் சொல்வதற்கு முன்னால் உன் பழைய கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இரண்டையும் சேர்த்து "அதான் சொன்னேனே, கிளம்பி வா" என்பாய். ஜனவரி கடைசியில் எரிமலைத் தீவான சாந்தோரினிக்கும் எங்கள் தீவுக்கும் நடுவே, ஆளில்லாத அனிட்ரோஸ் என்ற பாறைத்தீவுப் பக்கம் நிலம் ஆட ஆரம்பித்தது. பிப்ரவரி முழுக்க இரவு பகல் பார்க்காமல் ஆடியது. 10ஆம் தேதி இரவு வந்ததுதான் பெரியது, 5.3. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். சாந்தோரினியிலிருந்து மட்டும் 11,000 பேர் போலக் கிளம்பிப் போனார்கள். இங்கேயும் சின்னப் பிள்ளைகள் உள்ள சில குடும்பங்கள் ஏதென்ஸுக்குக் கப்பல் ஏறின. வாசலை ஒட்டிச் செருப்பு, பாஸ்போர்ட், டார்ச், தண்ணீர் பாட்டில் எல்லாம் வைத்துக்கொண்டு உடுத்திய உடையோடு படுத்தேன். பலமாக ஆடினால் கரையை விட்டு மேட்டுக்கு ஏறு என்பது இங்கே எல்லோருக்கும் சொன்ன அறிவுரை. கோரா ஏற்கெனவே மேட்டில்தான் இருக்கிறது, கடல் இங்கே வராது. தெரிந்தும் எனக்கு ஒவ்வொரு முறையும் காதுதான் முதலில் விழிக்கும். நீயும் நானும் அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமையில் கேட்ட சத்தம் வருகிறதா என்று கேட்கும். அதை உனக்கு விளக்க வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டுப் பாட்டி மட்டும் அசையவில்லை. 1956இல் அவர் சிறுமி. அந்த வருஷம் ஜூலை 9 விடியற்காலையில் இதே கடலில் 7.5க்கு மேல் அளவுள்ள ஒரு நிலநடுக்கம் வந்து, பின்னாலேயே சுனாமியும் வந்து, 53 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சாந்தோரினியில். அப்பா தன்னை முதுகில் தூக்கிக்கொண்டு மேட்டு வயலுக்கு ஏறியதைப் பாட்டி எனக்குச் சொன்னார். நான் என் அரைகுறை கிரேக்கத்தில் 2004ஐச் சொன்னேன், நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேர் என்றேன். எண்ணைத் தப்பாகச் சொல்கிறேன் என்று நினைத்து விரலால் மேசையில் எழுதிக் காட்டச் சொன்னார். எழுதினேன். அதற்கப்புறம் அந்த மாதம் முழுக்க நான் தனியாகச் சாப்பிட அவர் விடவில்லை, கடலைப் பருப்புச் சாறும் காட்டுக்கீரையும் வைத்துக்கொண்டு சுவரைத் தட்டிக் கூப்பிடுவார்.

செப்டம்பரில் ஆய்வு ஒன்று வெளியானது. 25,000க்கும் மேற்பட்ட அதிர்வுகளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்ததில், எரிமலைக் குழம்பு ஆழத்திலிருந்து ஏறி வந்து, கடல் தரைக்குக் கீழே 4 கிலோமீட்டர் அளவில் நின்றுவிட்டதாம். நின்றது என்றுதான் சொல்கிறார்கள், போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் நான் இங்கேதான் இருப்பேன், அதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

ஏன் என்று நீ கேட்பாய். நீ பார்த்ததெல்லாம் ஜூலை மாதப் படங்கள். நீலக் கதவு, வெள்ளைச் சுவர், காகிதப்பூ. அந்த மாதங்களில் எனக்கு இந்த ஊரே பிடிக்காது. பாறை மேல் இருக்கும் மடத்துக்குக் கீழே ஆகியா அன்னா கடற்கரையில் கால் வைக்க இடமிருக்காது, என் ஜன்னலுக்கு வெளியே இரவு இரண்டு மணிக்குப் பெட்டிச் சக்கரம் கல்லில் உருளும். அக்டோபர் பாதியில் எல்லாம் அடங்கும், அப்போதுதான் ஊர் ஊராகும். ஒரு பேக்கரி, ஒரு மளிகைக்கடை, ஒன்றிரண்டு காபிக்கடை. விமான நிலையம் கிடையாது, ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்துக்குப் பெரிய கப்பலில் எட்டு மணி நேரம் போலாகும். நக்சோஸ் தீவுக்குப் போக 'ஸ்கோபெலிடிஸ்' இருக்கிறது. நடுவில் உள்ள குட்டித்தீவு எல்லாவற்றிலும் நின்று நின்று போகும் சின்னக் கப்பல், மருந்திலிருந்து மாவு மூட்டை வரை அதில்தான் வரும். காற்று, பியூஃபோர்ட் என்ற காற்றுவேக அளவில் எட்டு, ஒன்பது ஏறினால் கப்பல்களுக்குத் தடை. அந்த நாட்களில் தக்காளி இருக்காது, தபால் இருக்காது, யாரும் வரவும் முடியாது போகவும் முடியாது, நான் காலை ஐந்திலிருந்து எழுதுவேன். பகலில் பிழைப்புக்கான மொழிபெயர்ப்பு, மாலையில் பாட்டியோடு கீரை பறிக்க மலைச்சரிவு. நாவலின் மூன்றாம் பகுதி இப்படித்தான் முடிந்தது. அதில் ஒரு பங்கு செமோனிடெசுக்குச் சேர வேண்டும். கி.மு. 7ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவில் குடியேறிய கவிஞன். பெண்களைப் பன்றி, நரி, நாய், கழுதை என்று வகை பிரித்து நீளமாக வைது வைத்திருக்கிறான், தேனீயிலிருந்து வந்தவள் மட்டும் நல்லவளாம். அதைப் படித்த கோபத்தில் ஒரே மூச்சில் எழுதினேன். நீ எந்த வகை என்று முடிவு பண்ணிவிட்டேன், நேரில் வா, சொல்கிறேன்.

போன வாரம், 21ஆம் தேதி, மடத்துத் திருவிழா. ஹோசோவியோடிசா மாதா என்பார்கள். செங்குத்துப் பாறையில் ஒட்டவைத்த மாதிரி ஒரு வெள்ளை மடம், எட்டு மாடி, அதிகபட்ச அகலமே ஐந்து மீட்டர்தான். 1088இல் பைசாந்தியப் பேரரசர் அலெக்சியோஸ் கட்டிக் கொடுத்தது. அன்றைக்கு ஊரே படியேறும், துறவிகள் எல்லோருக்கும் உப்புக் காட் மீன் சாப்பாடு போடுவார்கள், கிராம்பும் பட்டையும் தேனும் போட்டுக் காய்ச்சிய ராக்கிச் சாராயம் கொடுப்பார்கள். எனக்கு வேளாங்கண்ணி நினைப்பு வந்தது. உன்னை நினைத்தேன், உன் அம்மாவையும் நினைத்து ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன்.

படி இறங்கும்போதுதான் வீட்டுக்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். மகன் ஏதென்ஸில் கடனில் இருக்கிறான், வீட்டைக் கோடைக்குச் சுற்றுலா விருந்தாளிகளுக்கு விடப் போகிறோம், மன்னித்துக்கொள் என்றார். அழுதார். இங்கே சட்டப்படி குடியிருப்பு வாடகை ஒப்பந்தம் குறைந்தது மூன்று வருஷத்துக்கு, அந்த மூன்று வருஷம் எனக்கு மே மாதத்தோடு முடிகிறது, அதனால் அவர் கேட்பதில் தப்பில்லை. நான் மூன்று மாதம் கொடுக்கும் வாடகையை ஆகஸ்டில் ஒரே வாரத்தில் எடுத்துவிடலாம். அவரிடம் நான் என்ன சொல்ல?

என் ஒருத்தி விஷயம் என்றால் இரண்டு வரியில் முடித்திருப்பேன். வீட்டில் இப்போது இரண்டு பேர் இருக்கிறோம். பாலர் பள்ளிக்குப் புதிதாக வந்த டீச்சர், தெசலோனிக்கியில் பிறந்து வளர்ந்தவள், இருபத்தேழு வயது. இங்கே தற்காலிக ஆசிரியர்களுக்கு ஆகஸ்ட் கடைசியில்தான் எந்த ஊர் என்றே தெரியும், சில நாளில் போய்ச் சேர வேண்டும், கையில் வரும் சம்பளம் மாதம் ஆயிரம் யூரோவைத் தொடாது. செப்டம்பரில் தீவில் எந்த வீடும் காலியில்லை, எல்லாம் இன்னும் சுற்றுலாவுக்கு. காலியானதும் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை தருகிறோம் என்கிறார்கள். பள்ளியோ ஜூன் மூன்றாம் வாரம் வரை! மே, ஜூனில் அவள் எங்கே படுப்பாள்? ஓர் ஓட்டல் அறையில் இருந்துகொண்டு, சம்பளத்தில் பாதியை அதற்கே கொடுத்துக்கொண்டிருந்தவளை நான்தான் கூட்டி வந்தேன். புத்தக அறையைக் காலி செய்து கட்டில் போட்டோம். நல்ல பெண், இட்லி சாப்பிடுகிறாள், சத்தமாகப் பாடுகிறாள்.

இவளுக்கு மட்டும் நேர்ந்ததில்லை இது. எங்கள் தீவு சேர்ந்த சைக்லடீஸ் தீவுக்கூட்டம் எல்லாவற்றிலும் இதே கதைதான். காரில் படுத்துத் தூங்கிய ஆசிரியர்களைப் பற்றிப் பத்திரிகையில் வந்தது, வீடு கிடைக்காமல் வேலையே வேண்டாம் என்று திரும்பிய டாக்டர்களைப் பற்றி வந்தது. ஏதென்ஸ் நடுநகரில் இந்த ஜனவரியிலிருந்து சில பகுதிகளில் விருந்தாளி வீடுகளுக்குப் புதிய பதிவை நிறுத்தினார்கள். தீவுகளுக்கு அது வரவில்லை. சாந்தோரினியைப் பார், பதினைந்தாயிரம் சொச்சம் பேர் குடியிருக்கும் இடத்துக்கு 2023இல் 34 லட்சம் பேர் வந்து போயிருக்கிறார்கள். பிப்ரவரியில் எல்லோரும் நிலம் பிளந்துவிடுமா என்று பயந்தோம், நிலம் பிளக்கவில்லை. ஆனால் அப்போது ஏதென்ஸுக்குப் போன ஒரு குடும்பம் திரும்பவில்லை, ஒரு தச்சர், மனைவி, மூன்று பிள்ளைகள். அவர்கள் இருந்த வாடகை வீட்டைப் பூட்டிவிட்டுப் போனதும் அது கோடை வீடாகிவிட்டது, திரும்பி வர இடமில்லை. பள்ளியில் மூன்று பிள்ளைகள் குறைந்தால் இங்கே அது பெரிய குறை.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கும்போது நமக்கு லைப்ரரியன் சார் ஒளித்து ஒளித்துக் கொடுத்த புத்தகங்கள் ஞாபகம் வருகின்றன. தீவில் போய் உட்கார்ந்து எழுதினார்களே, அவர்களைப் படித்துத்தானே நான் கிளம்பினேன். ஆஸ்திரேலிய எழுத்தாளர் தம்பதி சார்மியன் கிளிஃப்ட்டும் ஜார்ஜ் ஜான்ஸ்டனும் 1954இல் லண்டன் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இங்கே கலிம்னோஸ் தீவுக்கு வந்தார்கள், மறுவருஷம் ஹைட்ரா தீவுக்குப் போனார்கள். 1960இல் கனடாக் கவிஞர் லெனார்ட் கோஹன் அதே ஹைட்ராவில் ஒரு வீட்டை 1,500 டாலருக்கு வாங்கினார். நாம் அதைக் கடல், வெயில், சுதந்திரம் என்று படித்தோம். இப்போது படித்தால் எனக்கு விலைதான் கண்ணில் படுகிறது. அவர்கள் வந்தது வீடு மலிவு என்பதால், சாப்பாடு மலிவு என்பதால், எழுத்தை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் பட்டினி இல்லாமல் இருக்க முடியும் என்பதால். அப்படியும் கிளிஃப்ட் வீட்டில் கடன் தீரவில்லை. சமையல், மூன்று பிள்ளைகள், காசநோய்க்காரக் கணவன், இத்தனைக்கும் நடுவில் அந்தப் பெண் எழுதினாள். 1964இல் ஆஸ்திரேலியாவுக்கே திரும்பிவிட்டார்கள். அவர்கள் எழுதியதைப் படித்தவர்கள் கப்பல் ஏறினார்கள், கப்பல் ஏறியவர்கள் வீடு வாங்கினார்கள். இன்றைக்கு ஹைட்ராவில் வாடகைக்கு இருந்து எழுத என்னைப் போன்ற ஒருத்தியால் முடியவே முடியாது.

இதில் நான் எங்கே நிற்கிறேன் என்று இரவில் யோசிக்கிறேன். நானும் வெளியிலிருந்து வந்தவள்தான். நான் இருக்கும் வீடு ஒரு டீச்சருக்கு, ஒரு நர்ஸுக்குப் போயிருக்க வேண்டிய வீடா? நான் எழுதப்போகும் பக்கங்களைப் படித்து யாராவது இந்த ஊருக்கு வந்து, இன்னொரு கதவில் விருந்தாளிகளுக்கான சாவிப்பெட்டி தொங்குமா? நாவலில் தீவின் பெயரை எடுத்துவிட்டேன். பதிப்பகத்தில் வேண்டும் என்கிறார்கள், விற்குமாம். தரமாட்டேன்.

இப்போது நான் யோசித்து வைத்திருப்பது இது, நீ உன் வக்கீல் மூளையை வைத்துச் சொல். வீட்டுக்காரம்மாவிடம் ஜூன் கடைசி வரை கேட்கப் போகிறேன், எனக்காகக் கேட்கவில்லை, டீச்சருக்காக. ஜூனில் இங்கே கூட்டம் இன்னும் முழுசாக ஏறியிருக்காது, அவருக்கு நஷ்டம் இருந்தாலும் கொஞ்சம்தான், அதை நானும் டீச்சரும் ஈடுகட்டுவோம். அவர் பேத்தி அதே பாலர் பள்ளியில் படிக்கிறாள், அதைச் சொல்லலாமா கூடாதா என்றுதான் தடுமாற்றம். சொன்னால் மிரட்டுவது போல் ஆகுமோ?

எனக்கு, தெற்கே ஆர்கெசினிப் பக்கம் ஒரு பழைய வீடு சொல்லியிருக்கிறார்கள். விருந்தாளிகள் அதிகம் போகாத பக்கம். கூரை ஒழுகுகிறது, ஒரு அறையில் மாவரைக்கும் கல்லும் ஆட்டுக்கு வைத்த வைக்கோலும் கிடக்கின்றன, சொந்தக்காரர் ஏதென்ஸில். சரி செய்து கொள்வதாக இருந்தால் வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்கிறார். குளிர்காலத்தில் பஸ் குறைவு, எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. பாட்டியின் சுவரைத் தட்ட முடியாது, அதுதான் உண்மையில் வலிக்கிறது. ஆனால் அந்த வீட்டுக்காக யாரும் காத்துக்கொண்டில்லை, நான் போனால் யாருடைய இடத்தையும் எடுத்துக்கொண்டதாகாது. முக்கால்வாசி முடிவு செய்துவிட்டேன். ஒப்பந்தத்தில் கூரைச் செலவை எப்படி எழுதிக்கொள்ள வேண்டும், என்ன எழுதாமல் விட்டால் பின்னால் சண்டை வரும் என்று நீதான் சொல்ல வேண்டும். சட்டம் வேறாக இருந்தாலும் மனுஷர்கள் ஒன்றுதானே.

அப்புறம், நீ ஏப்ரலில் வா. இந்த வீட்டில் இருக்கும்போதே வா. இவர்கள் ஈஸ்டர் 2026இல் ஏப்ரல் 12, உங்களுடையதற்கு ஒரு வாரம் கழித்து, அதனால் ஊரில் பூசை முடித்துவிட்டே கிளம்பலாம், சாக்குச் சொல்லாதே. மடத்து மாதா படத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக நடப்பார்கள், நீ அதில் நடக்க வேண்டும். விசாவுக்கு அழைப்புக் கடிதம் நான் எழுதித் தருகிறேன், பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து இந்த வாரமே அனுப்பு, டிசம்பரில் விண்ணப்பித்தால்தான் சரியாக இருக்கும். வரும்போது நல்லெண்ணெய், சுண்டைக்காய் வற்றல், டீச்சருக்கு இட்லித் துணி. கருவாடு வேண்டாம்.

கூரை விஷயத்துக்கு முதலில் பதில் எழுது. அந்த வீட்டுக்காரர் பத்தாம் தேதிக்குள் பதில் கேட்டிருக்கிறார்.

உன்,
மூன்றாவது பெஞ்ச்