முட்டையப்பமும் ஒரு கேள்வியும்

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடியும் காலையில் நடக்கிறாய் என்று அறிந்து மனம் நிறைந்தது. இங்கே பேத்தி உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். போன கிழமை அவள் கேட்ட கேள்வியை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அப்பச்சட்டியின் மூடியைத் திறந்தபோது, கண்ணாடி போல் இருந்த வெள்ளைக்கரு ஓரத்திலிருந்து வெளுத்து இறுகிக்கொண்டு வந்தது. "வெப்பத்தில் புரதத்தின் துணையான கட்டமைப்பும், அதாவது சங்கிலியின் சுருளும், புடையான கட்டமைப்பும், அதாவது அதன் முழு மடிப்பும், குலைந்தாலும் முதலான கட்டமைப்பான அமினோ அமில வரிசை குலையாது என்று படித்தோம், அந்த வரிசை அப்படியே இருந்தால், ஆறிய பிறகு முட்டை ஏன் பழையபடி ஆவதில்லை, தாத்தா?" என்றாள். இத்தனை வருடம் கற்பித்தும் என்னிடம் எவரும் இப்படிக் கேட்டதில்லை.

முதலில் கடதாசி நாடா ஒன்றில் அமினோ அமிலச் சங்கிலியை வரைந்து, அதைச் சுருளாகப் பிடித்துவைக்கும் ஐதரசன் பிணைப்புகள் நேர்ப்படும்படி மடிக்கச் சொன்னேன். 1948இல் ஒக்ஸ்போர்டில் தடிமனோடு படுக்கையில் கிடந்த அமெரிக்க இரசாயனவியலாளர் லைனஸ் போலிங் இப்படி மடித்துத்தான், ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள் கொண்ட அல்பாச் சுருளி என்னும் புரதச் சுருள் வடிவத்தை அடைந்தார். பிறகு அமெரிக்க உயிரிரசாயனவியலாளர் அன்பின்சனின் பரிசோதனையைச் சொன்னேன். 124 அமினோ அமிலங்களாலான ரைபோநியூக்கிளியேசு என்ற நொதியத்தை, மடிப்பைக் குலைக்கும் யூரியாவில் இட்டு, அதன் சங்கிலியின் பகுதிகளைக் கந்தக அணுக்களால் இணைக்கும் நான்கு இருசல்பைட்டுப் பிணைப்புகளையும் அறுத்துக் குலைத்தார். யூரியாவை அகற்றிக் காற்றுப்பட விட்டபோது அது தானாகவே மடிந்து மீண்டும் வேலை செய்தது. மடிப்புக்கு வேண்டிய செய்தி வரிசையிலேயே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

ஆனால் அவருடைய கரைசல் ஐதானது. வெள்ளைக்கருவிலோ ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு புரதம். உள்ளே மறைந்திருந்த நீர்வெறுக்கும் பகுதிகள் வெளிப்பட்டதும், ஒவ்வொரு சங்கிலியும் தன்னோடு மடிவதற்கு முன் அயல் சங்கிலியோடு சிக்கி வலையாகிவிடுகிறது. அந்த வலை ஒளியைச் சிதறடிப்பதால்தான் வெண்மை. வரிசை அழியவில்லை, திரும்பி மடிய வழிதான் அடைபட்டுவிட்டது.

புரதக் கட்டமைப்பின் நான்கு மட்டங்களையும் படிக்கட்டுப் போல் நாம் கரும்பலகையில் எழுதியது பிழையோ என்று இப்போது நினைக்கிறேன். சங்கிலி சுருள்வதும் மடிவதும் பெரும்பாலும் சேர்ந்தே நிகழ்பவை. நான்காவது மட்டமான, சங்கிலிகள் பல கூடி அமையும் நாற்புடையான கட்டமைப்போ, நான்கு சங்கிலிகள் கூடிய குருதிப் புரதமான ஈமோகுளோபினுக்கு உண்டு, ஒற்றைச் சங்கிலியான தசைப் புரதமான மயோகுளோபினுக்கு இல்லை.

கம்பியால் நீ செய்து வகுப்பில் தொங்கவிட்ட சுருளி இன்னும் இருக்கிறதா? இருந்தால் வரும்போது கொண்டுவா. அவள் கையில் பிடித்துப் பார்க்கட்டும்.

அன்புடன்,
உன் நண்பன்