‘டூப்ளிகேட் போர்டு’ போட்டோ பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுக்க வரும் கூட்டத்தைத் தாண்டி, சந்துக்குள் நுழைந்து நம் கம்ப்யூட்டர் கடைக்கு வருகிறவர்களுக்கு எங்களைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பத்து நாளாக வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ சுற்றுகிறது. தண்டையார்பேட்டையில் கிளம்பி திருவொற்றியூர் வரை போய், கடைசியில் என் மச்சான் அதை எனக்கே அனுப்பினார். நம் கடை பில், பக்கத்தில் ஒரு மதர்போர்டு, மேலே சிவப்பில் ‘டூப்ளிகேட் போர்டு, ஏமாறாதீர்கள்’. விலை அதிகம் என்று எழுதியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்தில் நாங்களே ஆடிப்போனோம், அப்போதும் நீங்கள் திட்டிக்கொண்டே நம்மிடம்தான் வாங்கினீர்கள், அதற்கு நன்றி. டூப்ளிகேட் என்ற வார்த்தையைத்தான் விழுங்க முடியவில்லை.

நடந்தது இதுதான். அந்தப் போட்டோவைப் போட்ட தம்பி நம்மிடம் போர்டு, பிராசசர், ரேம் எடுத்தார். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸை ஆன்லைனில் வாங்கினார், அது அவர் விருப்பம். பழைய எஸ்எம்பிஎஸ், புது எஸ்எம்பிஎஸ் இரண்டுமே கேபிளைக் கழற்றி மாட்டுகிற மாடல், கம்பெனி வேறு வேறு. போர்டுக்குப் போகிற கேபிள்களைப் புதிதாக மாட்டியவர், ஹார்ட் டிஸ்க்குக்கும் எஸ்எஸ்டிக்கும் போகிற சாட்டா பவர் கேபிளை மட்டும், கேபினட்டின் பின்பக்கம் டை போட்டு அழகாகக் கட்டியிருந்ததால், அப்படியே விட்டுவிட்டார். பழைய கேபிள் புதுப் பெட்டியில் டக்கென்று உட்கார்ந்துகொண்டது. சுவிட்சைப் போட்டதும் கருகல் வாசம், ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிட்டது, திரும்பப் போட்டாலும் அதே அரைச் சுற்று. உடனே போர்டு போலி என்று தீர்ப்பு, போட்டோ, சிவப்பு எழுத்து.

மறுநாள் தம்பியும் அவர் மாமாவும் கடைக்கு வந்தார்கள். சாட்டா கேபிளைப் பிடுங்கிவிட்டு ஆன் செய்தேன், ஆன் ஆனதும் முதலில் வருகிற பயாஸ் திரை வந்துவிட்டது. போர்டு நல்ல போர்டுதான். அப்புறம் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியே எடுத்து, போர்டுக்குப் போகிற 24 பின் கனெக்டரில் ஆன் பின்னை கிரவுண்டோடு ஒரு கம்பித் துண்டால் சேர்த்து ஓடவிட்டு, அந்தப் பழைய கேபிளின் முனையில் மீட்டரை வைத்தேன். 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12.1. எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் இரண்டும் உள்ளே ஷார்ட் ஆகிவிட்டன, ஷார்ட்டைப் பார்த்த எஸ்எம்பிஎஸ் தன்னைத் தானே அணைத்துக்கொண்டது, அதுதான் அந்த அரைச் சுற்று. போர்டு பக்கம், டிஸ்க் பக்கம் இருக்கிற கனெக்டர்தான் பொதுவாக எல்லாக் கம்பெனிக்கும் ஒன்று. பெட்டியில் போய்ச் செருகுகிற முனைக்கு அப்படிப் பொது விதி கிடையாது, எந்தப் பின்னில் 12, எந்தப் பின்னில் 5 என்பதை அவரவர் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறார்கள், ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்குள்ளேயே மாறும். சாவி நுழைந்துவிட்டது என்பதற்காக அது அந்தப் பூட்டின் சாவி ஆகிவிடாதே. நீட்டிச் சொல்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. மாமா ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் போட்டோ மட்டும் இன்னும் சுற்றுகிறது.

(தம்பி போனில் கேட்டபோது நம் கவுண்டர் பையன் ‘பழைய கேபிளே போதும்’ என்றானாம். அவன் போன மாதமே வேலையை விட்டுப் போய்விட்டான்.) அதனால், டிஸ்க்கில் இருந்த தம்பியின் அக்கா கல்யாணப் போட்டோக்களை மீட்கிற செலவில் பாதியை நாங்கள் கொடுக்கிறோம்.

இனிமேல் எஸ்எம்பிஎஸ் வெளியில் வாங்குகிறவர்கள் தயவுசெய்து இதைப் பாருங்கள். பெட்டியில் 450 வாட் என்று பெரிதாகப் போட்டிருப்பதை நம்பாதீர்கள், பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 ஆம்பியர் என்றிருந்தால் 192 வாட்தான், பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் அதற்குள்தான் பிழைக்க வேண்டும். கேபினட்டோடு இலவசமாக வருகிற பெட்டிகளில் பெரும்பாலும் இந்தக் கதைதான். போர்டில் பிராசசருக்குப் பக்கத்தில் இருக்கிற கரண்ட் கனெக்டரில் 8 பின் இருக்கிறதா, 4 பின் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின்னும் பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் அதில் 12 வோல்ட் மூன்று பின், கிரவுண்டு ஐந்து, பிராசசருக்கானதில் நாலுக்கு நாலு. போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள், வேறு கேபிளைத் தேடுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆபீஸ் கம்ப்யூட்டர் என்றால் 24 பின்னே இல்லாமலும் இருக்கலாம், அதைக் கையோடு கொண்டுவந்து காட்டிவிடுங்கள். ராயபுரம், காசிமேடு பக்கம் இருக்கிறவர்கள் பழைய கேபிளின் பின்னில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள், உப்புக்காற்று சும்மா விடாது.

ஒன்றாம் தேதி முதல் வெளியில் வாங்கிய எஸ்எம்பிஎஸ்ஸை மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் அசெம்பிள் செய்வோம், அதற்கு 200 ரூபாய். கேபிள் சந்தேகத்துக்கு போனில் பதில் சொல்ல மாட்டோம், ஸ்டிக்கரையும் கேபிள் முனையையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

அந்தப் போட்டோ வந்ததும் ‘அண்ணே, என்ன ஆச்சு’ என்று நேரில் வந்து கேட்டவர்கள், குரூப்பில் எங்களுக்காகச் சண்டை போட்டவர்கள், வெள்ளத்தில் கடைக்குள் தண்ணீர் வந்தபோது மானிட்டர்களை மாடிக்குத் தூக்கிக் கொடுத்த வியாசர்பாடி பசங்கள், உங்கள் எல்லோருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்தத் தம்பிக்கும் கோபமில்லை. புது எஸ்எஸ்டி எடுத்துவைத்திருக்கிறேன், வந்து மாட்டிக்கொண்டு போகட்டும். ஞாயிறு மட்டும் வேண்டாம், காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு நான் கடைக்கு வரவே பதினொன்றாகிவிடும்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரன்