அடுத்தவன் ஸ்லாட்டில் சேவ் பண்ணாதீங்க

பழைய வீடியோ கேம்களைத் தூசு தட்டி, புதுச் சட்டை மாட்டி, மறுபடியும் கடைக்குக் கொண்டு வருகிற கம்பெனிகளுக்கு,

வணக்கமுங்க. கோயமுத்தூர் கணபதியிலிருந்து எழுதுகிறேன். தொழில், மோட்டாருக்குக் காயில் கட்டுவது. அதற்கு முன்னால் 2004-லிருந்து 2009 வரை மாமா பையனோடு கூட்டுச் சேர்ந்து ஒரு கேம் சென்டர் நடத்தினேன். எட்டு கம்ப்யூட்டர், இரண்டு டேபிள் ஃபேன், மணிக்கு 15 ரூபாய். சுற்றிலும் லேத்துப் பட்டறை, ஃபவுண்டரி. ஷிஃப்ட் முடிந்ததும் பசங்க கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் வந்து உட்காருவார்கள். டபிள்யூ, ஏ, எஸ், டி என்ற நான்கு கட்டைகளும் எந்நேரமும் கிரீஸ் கறுப்பாகவே இருக்கும்.

முதலிலேயே ஒன்றை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். அன்றைக்கு எங்கள் சென்டரில் ஓடியதில் உங்களுக்குக் காசு வந்து சேர்ந்த சிடி ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் பர்மா பஜார் சரக்கு. கவரில் ஒரு படம் இருக்கும், உள்ளே வேறு கேம் இருக்கும். 'நீ எந்த முகத்தோடு எங்களுக்குக் கடிதம் எழுதுகிறாய்' என்று கேட்டால் தலையைச் சொறிய வேண்டியதுதான். ஆனால் அந்தப் பசங்களுக்கு இன்று நாற்பதை ஒட்டிய வயசு. கையில் யுபிஐ இருக்கிறது. அன்று ஓசியில் ஆடியதற்கு இன்று காசு கொடுக்கத் தயாராகவும் இருக்கிறார்கள். நீங்களும் அவர்களை நம்பித்தானே பழைய சரக்கை மறுபடி எடுக்கிறீர்கள்? அப்படியென்றால் பேசலாம்.

எங்கள் சென்டரில் அதிகம் ஓடியது ஜி.டி.ஏ. (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) வைஸ் சிட்டி. 2002-ல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்து, அடுத்த வருஷம் கம்ப்யூட்டருக்கும் வந்த ஆட்டம். அதில் ஆட்டத்தை விட்ட இடத்தைச் சேவ் பண்ணி வைக்க எட்டே எட்டு ஸ்லாட். ஒரு சிஸ்டத்தில் பத்துப் பேர் மாறி மாறி ஆடுவார்கள். அதனால் ஒவ்வொரு மானிட்டர் ஓரத்திலும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருப்போம். 1 - ஐடிஐ. 2 - பேக்கரி. 5 - லேத்து. இப்படிப் போகும். ஸ்லாட் கிடைக்காதவன், யாராவது திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய் இடம் காலியாகட்டும் என்று காத்திருப்பான்.

ஒரு நாள் புதுசாக வந்த பையன் ஒருவன் காகிதத்தைப் பார்க்காமல் மூன்றாவது சிஸ்டத்தின் ஐந்தாவது ஸ்லாட்டில் சேவ் பண்ணிவிட்டான். லேத்துக்காரனின் நாலு மாச ஆட்டம் போச்சு. அவன் அடிக்கவெல்லாம் இல்லை. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்புறம் எழுந்து போய்விட்டான். அடிதடி ஆகியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு சங்கடமாக இருந்திருக்காது. மறுநாள் சுவரில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிப் போட்டேன்: அடுத்தவன் ஸ்லாட்டில் சேவ் பண்ணாதே.

2021-ல் உங்களில் ஒருவர் பண்ணியதும் இதுதான். ஜி.டி.ஏ. வரிசையில் மூன்று பழைய ஆட்டங்களைப் புதுப்பித்து நவம்பர் 11 அன்று வெளியிட்டார்கள். சந்தோஷம். ஆனால் பழைய மூன்றையும் அக்டோபரிலேயே ஆன்லைன் கடைகளிலிருந்து தூக்கிவிட்டார்கள். புதுசு எப்படி இருக்கிறது என்று யாரும் பார்க்கும் முன்பே பழசுக்குக் கடை அடைப்பு.

வந்த புதுசைப் பற்றி உலகமே சிரித்தது. எனக்கு அதில் மறக்க முடியாதது ஒரு நட்டு. அந்த மூன்றில் ஒன்றான சான் ஆன்ட்ரியாஸ் ஆட்டத்தில் 'டஃப் நட் டோனட்ஸ்' என்று ஒரு டோனட் கடை வரும். கடைக்கு அடையாளமாக ஒரு பெரிய நட்டு வைத்திருப்பார்கள். போல்ட்டில் மாட்டுகிற நட்டும் டோனட்டும் நடுவில் ஓட்டை உள்ள சாமான்கள், பேரும் ஒரே ஓசையில் முடிகிறது. அவ்வளவுதான் ஜோக். 2004-ல் அந்த நட்டுக்கு ஆறு மூலை இருந்தது. புதுப் பதிப்பில் மூலை தெரிந்தால் அது பழைய கம்ப்யூட்டரின் குறை என்று நினைத்து வழவழப்பாக்கியதில், ஆறும் மழுங்கி வட்ட வளையமாக வந்து நின்றது.

அந்தப் படத்தைப் பேக்கரியில் வைத்து லேத்துக்காரனிடம் காட்டினேன். இரண்டு விரலால் பெரிசாக்கிப் பார்த்தான். "ஏண்டா, இதுல ஸ்பேனரை எங்க போடறது?" என்றான். டீயைக் குடித்து முடித்துவிட்டு, "இதைப் பண்ணினவன் கையில ஒரு நட்டைக்கூடத் தொட்டிருக்க மாட்டான்" என்றான். நீங்கள் எத்தனை விமர்சனம் படித்திருந்தாலும் இதைவிடச் சரியாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நட்டு சின்ன விஷயம் என்பீர்கள். சரி, மூடுபனிக்கு வருவோம். பழைய பிளேஸ்டேஷனுக்குத் தூரத்தில் இருப்பதையெல்லாம் வரைய சக்தி கிடையாது. அதை மறைக்கத்தான் பனியும் புகையும் போட்டார்கள். அந்த மறைப்பினால்தான் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊர் வெகுதூரம் என்ற நினைப்பு வந்தது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறும்போது 40 கொண்டை ஊசி வளைவும் ஒரே பார்வையில் தெரிந்தால் மலைக்கு என்ன மரியாதை? அடுத்த வளைவு பனிக்குள் இருக்கிற வரைக்கும்தான் மலை பெரிசு. புதுப் பதிப்பில் பனியை எடுத்தார்கள். சான் ஆன்ட்ரியாஸில் மலை உச்சியில் நின்றால் அந்த ஆட்டத்தின் மூன்று நகரமும் பக்கத்துப் பக்கத்துத் தெரு மாதிரி தெரிந்தன. எட்டே நாளில் அந்தக் கம்பெனி மன்னிப்புக் கேட்டது, பழைய ஆட்டங்களையும் தன் சொந்தக் கடையில் திருப்பி வைப்பதாகச் சொன்னது. ஆனால் பழைய வெளிச்சத்தைத் திரும்பக் கொண்டுவருகிற அப்டேட் 2024 நவம்பரில்தான் வந்தது. மூன்று வருஷம்!

எங்கள் பக்கம் கோயிலுக்குத் திருப்பணி என்றால் எடுத்தவுடன் கோபுரத்தில் கை வைக்க மாட்டார்கள். முதலில் பாலாலயம். மூலவரின் சக்தியைக் கும்பத்திலோ படத்திலோ இறக்கி, ஒரு பக்கமாக வைத்து, அங்கே பூஜை நடத்துவார்கள். சாரம் கட்டி, சிமெண்ட் குழைத்து, வேலை இரண்டு வருஷம் இழுத்தாலும் சாமிக்கு விளக்கு அணையாது. கும்பாபிஷேகம் முடியும் வரைக்கும் வருகிறவன் கும்பிட ஓரிடம் இருக்கும். (பழைய கல்லைப் பளபளப்பாக்குகிறேன் என்று மணலைப் பீய்ச்சி அடித்து, கல்வெட்டு எழுத்தையே தேய்த்த கதைகளும் எங்களிடம் உண்டு. ஆகவே உங்களை மட்டும் சொல்லவில்லை.) 2020 ஜனவரியில் வார்கிராஃப்ட் 3-க்கு நடந்தது பாலாலயம் இல்லாத திருப்பணி. 2002-ல் வந்த ஆட்டத்தைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தவனுக்கும் பழைய வாசல் மூடிப்போய், புதுசைத்தான் இறக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

இனி என் தொழில் வழியாக ஒன்று சொல்கிறேன். மோட்டாரிலும் ஸ்லாட் உண்டு. மோட்டாரில் சுற்றாமல் நிற்கிற பாகமான ஸ்டேட்டரின் உள்பக்கம் வரிசையாக வெட்டியிருக்கும் காடிதான் ஸ்லாட், அதில்தான் காயில் உட்காரும். எரிந்துபோன மோட்டார் பட்டறைக்கு வந்தால் உடனே உளியை எடுக்க மாட்டோம். எத்தனை ஸ்லாட், எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்குக் காயில் போகிறது, கனெக்‌ஷன் எப்படி என்று முதலில் நோட்டில் எழுதுவோம். அப்புறம் ஒரு காயிலை மட்டும் வெட்டி எடுத்து, கருகின கம்பியை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணுவோம். வார்னிஷ் எரிந்து கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். பொறுமை போய்விடும். ஆனாலும் எண்ண வேண்டும். கம்பியின் கனத்தை, அதாவது கேஜை, அளந்து எழுத வேண்டும். சுற்று குறைந்தால் மோட்டார் கரண்டை அள்ளி இழுத்துச் சூடாகி மறுபடியும் எரியும். என் குரு எழுதின நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, அட்டை போய், எண்ணெய்க் கறையோடு. அவர் காலத்துத் தண்ணி மோட்டார் எது வந்தாலும் அதைப் புரட்டினால் கணக்கு கிடைத்துவிடும்.

உங்களிடம் அந்த நோட்டு இல்லை. அதுதான் எனக்கு அதிர்ச்சி. 2012-ல் சைலன்ட் ஹில் 2, 3 ஆட்டங்களைப் புது டிவிக்கு ஏற்ற மாதிரி மாற்ற உட்கார்ந்தவர்களுக்கு, கடைக்குப் போன ஆட்டத்தின் கடைசி புரோகிராம் கோடு (code) கிடைக்கவில்லை. பாதியில் நின்ற கோடுதான் கிடைத்தது. முன்பே சரிபண்ணியிருந்த தப்புகளை மறுபடியும் சரிபண்ண வேண்டியதாயிற்று. அந்த ஆட்டத்துக்கே உயிரான பனியும் அங்கே கெட்டது. கிங்டம் ஹார்ட்ஸ் முதல் ஆட்டத்தின் மூலச் சரக்கும் தொலைந்துபோய், 2013 பதிப்புக்காகப் பலதையும் திரும்பச் செய்தார்கள். எங்கள் சந்தில் பத்துக்குப் பத்து அறையில் காயில் கட்டுகிறவனிடம் முப்பது வருஷத்து நோட்டு இருக்கிறது. கோடிக் கணக்கில் புழங்குகிற உங்களிடம் பத்து வருஷத்துக் கோடு இல்லை.

எல்லோரும் அப்படி இல்லை. ஸ்டார்கிராஃப்ட் 1998-ல் வந்தது. 2017-ல் புதுப்பிக்கும்போது பழசை இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள். புதுசில் எஃப் 5 கட்டையைத் தட்டினால் அந்த நொடியே பழைய படம் வரும், இன்னொரு தட்டில் புதுப்படம். நான் ஆடுவதைவிட அந்தக் கட்டையைத் தட்டிக்கொண்டிருந்ததுதான் அதிகம். கவுன்டர் ஸ்ட்ரைக்கிலும் 1.6 பதிப்பு இன்றும் விற்பனையில் இருக்கிறது.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். 1999 ஆட்டம். 2013-ல் ஒரு தடவை, 2019-ல் இன்னொரு தடவை புதுப்பித்தார்கள். 2022-ல் அதில் திராவிடர்கள் என்று ஒரு படை வந்தது. ராஜேந்திர சோழன் கதை வந்தது. வேலையாட்களைத் தட்டினால் தமிழில் பதில் சொல்கிறார்கள். முதல் தடவை கேட்டபோது என் மகன் ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தான். அந்தப் படைக்கு 'வூட்ஸ் ஸ்டீல்' என்று ஓர் ஆராய்ச்சி உண்டு. அதை முடித்தால் நம் வீரர்கள் எதிரியின் கவசத்தைக் கண்டுகொள்ளாமல் வெட்டுவார்கள். அந்த உருக்கைக் காய்ச்சிய பழைய ஊர்களில் ஒன்று கொடுமணல், இங்கே சென்னிமலைக்கு மேற்கே, நொய்யல் கரையில். பட்டறைப் பசங்களிடம் இதைச் சொன்னபோது ஒருத்தன் மறுநாளே பைக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்து வந்தான். (சோழனுக்குப் பதில் ஒரு சேரனைப் போட்டிருந்தால் கொங்குநாட்டுக்காரனுக்கு இன்னும் குளுகுளுவென்று இருந்திருக்கும். போகட்டும்.) பழசின் மேல் இன்னொன்றைச் சேர்க்கிறதுக்கு இதுதான் வழி.

பாட்டு விஷயத்தில் உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது. வைஸ் சிட்டியில் கார் ரேடியோவில் வந்த மைக்கேல் ஜாக்சன் பாட்டுகள் புதுசில் இல்லை. உரிமம் முடிந்தால் மறுபடி காசு கட்ட வேண்டும். சரி. ஆனால் உக்கடத்திலிருந்து பொள்ளாச்சி போகிற தனியார் பஸ்ஸில் இளையராஜாவை நிறுத்திவிட்டு ஓட்டினால் டிக்கெட் கொடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டாமா? எந்தெந்தப் பாட்டு, எந்தெந்தக் காட்சி இல்லை என்று விற்கும்போதே எழுதிப் போடுங்கள். வேண்டாம் என்பவன் இறங்கிக்கொள்வான்.

இதையெல்லாம்விட மோசம், நீங்கள் தொடவே தொடாத ஆட்டங்கள். 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையிலேயே இல்லை என்று அங்கே வீடியோ கேம் வரலாற்றுக்காக இயங்கும் அமைப்பு 2023-ல் கணக்கெடுத்துச் சொன்னது. எங்கள் சென்டரின் இரண்டாவது ராஜா ரோடு ராஷ், 1996 கம்ப்யூட்டர் பதிப்பு. பைக்கில் பக்கத்தில் வருகிறவனை உதைத்துத் தள்ளி, அவன் கையிலிருக்கும் தடியைப் பிடுங்கி அவனையே அடிக்கிற ஆட்டம். அதை முறையாகக் காசு கொடுத்து வாங்க எனக்கு இன்றுவரை ஒரு கடை கிடைக்கவில்லை. புதுப்பிக்கக்கூட வேண்டாமுங்க. புது விண்டோஸில் ஓடுகிற மாதிரி மட்டும் பண்ணி 300 ரூபாய்க்குப் போடுங்கள். கணபதியிலேயே இருபது பேரை நான் கூட்டி வருகிறேன். அன்றைய பாக்கியையும் சேர்த்துத் தீர்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஒரு சங்கதி. சென்டரை மூடும்போது மூன்றாவது சிஸ்டத்தின் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் எடுத்து வைத்திருந்தேன். 40 ஜிபி. பட்டறை டிராயரில் கார்பன் பிரஷ்ஷுகளோடு கிடந்தது. போன மாசம் மகன் ஒரு கேபிள் வாங்கி வந்து மாட்டினான். இரண்டு தடவை கரகரவென்று இழுத்துவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது. வைஸ் சிட்டியின் எட்டு சேவ் ஃபைலும் அப்படியே இருந்தன. லேத்துக்காரனுக்கு போன் போட்டு வரச் சொன்னேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவன் வைஸ் சிட்டியைத் தொடவே இல்லை, கவுன்டர் ஸ்ட்ரைக் பக்கம் போய்விட்டான். வந்து, ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஐந்தாவது ஸ்லாட்டைத் திறக்கச் சொன்னான். அந்தப் புதுப்பையனின் ஆட்டம் திறந்தது. கையில் சில நூறு டாலர், ஒரு பிஸ்டல்.

"இவன் இன்னும் ரெண்டாவது மிஷன்லயே நிக்கறானே" என்றான்.

இப்படிக்கு,
மூன்றாவது சிஸ்டத்தின் பழைய காவல்காரன்,
கணபதி, கோயமுத்தூர்