பொத்தையைச் சுற்றிக் கல் பதிக்க வேண்டாம்

எங்கள் ஊரில் பொத்தை என்று சொல்கிற சின்னப் பாறைக்குன்றைச் சுற்றி நடைபாதை போடத் திட்டம் வைத்திருப்பவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் மூன்று பேர் டேப்பும் சுண்ணாம்பு டப்பாவுமாக வந்து, சாஸ்தா கோவிலிலிருந்து வெள்ளைக்கோடு போட்டுவிட்டுப் போனார்கள். என்னவென்று கேட்டேன். "வாக்கிங் போறவங்களுக்குப் பேவர் பிளாக் வருது சார்" என்றார் ஒருவர். நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்துத்தான் சொன்னார். ஆறு வருஷமாக வாரத்துக்கு நாலு நாள் அங்கே ஓடுகிறவன் நான். அந்தக் கல் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல்.

முதலில் பாதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோடு போட வந்தவர்கள் ஏற்றம் தொடங்கும் இடத்திலேயே திரும்பிவிட்டார்கள். கோவில் வாசலிலிருந்து முதல் ஒரு கிலோமீட்டர் பழைய வண்டித்தடம். இரண்டு பக்கமும் குடை விரித்த மாதிரி உடை மரங்கள், காலடியில் செம்மண்ணும் சரளும். அப்புறம் பொத்தையின் தெற்குச் சரிவில் ஏற வேண்டும். செங்குத்து இல்லை, ஆனால் கூட வருகிறவரோடு பேச்சு நின்றுபோகும். மேலே ஒரு மொட்டைப்பாறை. வானம் தெளிந்திருந்தால் மேற்கே களக்காட்டு மலை முழுவதும் தெரியும். வடக்கே ஆட்டுத்தடத்தில் இறங்கிக் குளத்துக்கரையைப் பிடித்து, குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் மறுகாலைத் தாண்டிப் பனங்காட்டு ஓரமாகத் திரும்பவும் கோவிலுக்கே வந்துவிடலாம். என் போன் கணக்கில் ஒரு சுற்று ஆறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. புதிதாக ஓட வருகிறவர் ஏற்றத்தை மட்டும் நடந்து கடந்தால் போதும், மீதியைச் சமாளித்துவிடலாம்.

இந்தச் சுற்றில் கஷ்டம் ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில்தான். ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்புப் பாரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. மறுநாள் வீட்டுப் படியில் 'அம்மா' என்று சொல்ல வைப்பது அதுதான். சரள் மண்ணில் கால் வைத்தால் மண் கொஞ்சம் விலகிக் கொடுக்கும். ஒவ்வொரு அடியும் ஒவ்வொரு விதமாக விழுவதால் பாரமும் ஒரே இடத்தில் இறங்காது. கல் அப்படி விட்டுக்கொடுக்காது. போதாததற்கு, கார்த்திகை மழையில் அதன்மேல் பாசி படிந்தால் அந்தச் சரிவில் யார் இறங்குவது? பக்கத்து ஊர்ப் பூங்கா ஒன்றில் பதித்த கல் இரண்டு மழைக்காலத்தில் ஓரம் உள்வாங்கிப் பல்வரிசை மாதிரி எழும்பி நின்றதைப் பார்த்திருக்கிறேன். கட்டைவிரல் நகம் ஒன்றை அங்கே விட்டுவிட்டும் வந்திருக்கிறேன்.

இன்னொன்று, கல் வந்தால் பின்னாலேயே பைக் வரும். குளத்துக்கரை குறுக்குவழியாகிவிடும். இப்போது அங்கே பைக் போகாததற்குக் காரணமே அந்தச் சரள்தான். ஆடு மேய்க்கும் பாட்டி ஒருத்தி இருக்கிறார். முதல் வருஷம் என்னைப் பார்த்து, "யாருய்யா வெரட்டுதா?" என்று கேட்டார். இப்போது நான் வந்தால் ஆடுகளை ஒரு பக்கமாக ஒதுக்கிக் கொடுக்கிறார். பைக்குக்கு ஒதுங்கிக்கொண்டே இருக்க அவருக்கு என்ன தலையெழுத்து?

அம்புக்குறிப் பலகை வைக்கும் யோசனையும் இருப்பதாகக் கேள்வி. எந்தப் பக்கம் காட்டுவீர்கள்? வேண்டுதலுக்கு வருகிறவர்கள் சாமியை வலப்பக்கம் வைத்துத்தான் சுற்றுவார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தடகள மைதானப் பழக்கத்தில் இடமாகத்தான் ஓடுவார்கள். தினமும் மடைக்குப் பக்கத்தில் எதிரெதிரே பார்த்துக்கொள்கிறோம். யாராவது ஒருநாள் அங்கே வந்து சேரவில்லை என்றால் தேடிப் போகிறோம். பலகை இல்லாமலே இது நன்றாக நடக்கிறது.

பாதையை மேற்கே நீட்டி மலையடிவாரம் வரை கொண்டுபோகலாம் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டையே உண்டு. களக்காடு 1976இல், முண்டந்துறை அதற்கும் முன்னால் 1962இல் சரணாலயமானவை. இரண்டும் சேர்ந்து 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாயின. 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் நாம் உள்ளே போகக்கூடாது. சட்டத்தை விடுங்கள், அடிவாரத் தோட்டங்களுக்குக் கரடி இறங்குவது நெல்லைச் சீமையில் புதுச்செய்தியா? சிறுத்தையும் வருகிறது. ஓடுகிற உருவத்தைக் கண்டால் துரத்தத் தோன்றும் பிராணி அது. விடிவதற்கு முன்னால் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு அங்கே ஓடுவதை வீரம் என்று நான் சொல்ல மாட்டேன். நமக்குப் பொத்தை போதும். அங்கேயும் உயரமான விளக்குக் கம்பங்கள் வேண்டாம். வெளிச்சம் வந்த பிறகு ஓடினால் போகிறது.

ஒன்றுமே செய்யக்கூடாதா என்று கேட்பீர்கள். வேலை நிறைய இருக்கிறது. சீமைக்கருவேலம் வண்டித்தடத்தை இரண்டு பக்கமும் நெருக்கிவிட்டது. ஆடு நெற்றைத் தின்று போகிற இடமெல்லாம் விதைத்துக்கொண்டே போகிறது. அதன் முள் ஷூவின் அடியைத் துளைத்து வரும். அதை வருஷத்துக்கு இரண்டு தடவை வெட்டினால் பெரிய உபகாரம். வெட்டுகிறவர்கள் உடை மரத்தைத் தொட்டுவிடக் கூடாது, இரண்டிலும் முள் இருப்பதால் மாறிப்போகும். ஐப்பசி, கார்த்திகையில் குளம் பெருகி மறுகால் பாயும்போது கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஓடுகிறது. அந்த இடத்தில் மட்டும் கால் வைத்துத் தாண்டப் பத்துக் கல் போடுங்கள், கல் ஆசை உங்களுக்கும் தீர்ந்த மாதிரி இருக்கும். ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று கரையில் ஆளையே தள்ளும். அதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். எதிர்காற்றில் ஓடுவது தனிச் சுகம்.

கிலோமீட்டருக்கு ஒரு கல் நட்டால் பிள்ளைகளுக்கு உதவும். ஆனால் சுற்று முழுவதையும் ஒரு தடவை அளக்காமல் அதைச் செய்ய முடியாது. அடுத்த தடவை உங்கள் ஆட்கள் காலை ஆறு மணிக்கே வரட்டும், வெயில் ஏறிவிட்டால் பாறை சுடும். டேப்பின் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்கிறேன். இந்தத் தடவை பாதியில் திரும்ப வேண்டாம்.

இப்படிக்கு,
பொத்தையை இடமாகச் சுற்றுகிறவன்