செயலாளரின் ஆண்டறிக்கை 2025: அயர்லாந்து இடதுசாரிகளைப் படித்த வருடம்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், இந்த மழையிலும் வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

டப்ளின் தமிழர்களின் வாசிப்பு வட்டமாகிய நம் சங்கத்தின் 2025ஆம் ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். அயர்லாந்தின் இடதுசாரிகள் ஐரோப்பாவையும் உலகத்தையும் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதையே வருடம் முழுக்கப் படிப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். "நமக்கெதுக்குங்க இந்த ஊர் அரசியல்?" என்று அன்றைக்கே ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்விதான். நம்மில் பலர் மருத்துவமனையிலும் மென்பொருள் அலுவலகத்திலும் பத்து வருடத்துக்கு மேல் உழைத்தும், இந்த ஊர்க்காரர்கள் எதற்குக் கோபப்படுகிறார்கள் என்று தெரியாமலே இருந்துவிட்டோம். பத்துக் கூட்டங்களும் ஒரு நடைப்பயணமும் நடத்தியிருக்கிறோம். எல்லாவற்றையும் சொல்ல நேரமில்லை. எனக்கு முக்கியமாகப் பட்டவற்றைச் சொல்கிறேன்.

முதல் மூன்று கூட்டங்களும் பொது வாக்கெடுப்புகள் பற்றியவை. 1972 மே 10 அன்று இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேரலாமா என்று கேட்டபோது 83 விழுக்காட்டினர் சேரலாம் என்றார்கள். அப்போது வேண்டாம் என்றவர்களில் தொழிற்கட்சியும் இருந்தது, ஐக்கிய அயர்லாந்து கேட்கும் ஷின் ஃபேன் கட்சியின் இரண்டு பிரிவுகளும் இருந்தன. பெரிய நாடுகளின் சந்தைக்குள் போனால் சின்ன நாட்டுத் தொழில் நசிந்துவிடும், நேற்றுத்தான் ஒரு பேரரசின் பிடியிலிருந்து வெளியே வந்தோம் என்பது அவர்கள் வாதம். தொழிற்கட்சி பிறகு ஐரோப்பாவின் ஆதரவாளராக மாறியது. ஷின் ஃபேன் 2016இல் பிரெக்ஸிட்டை எதிர்த்தது. அதே வாக்கெடுப்பில் வட அயர்லாந்தின் 'பீப்பிள் பிஃபோர் ப்ராஃபிட்' என்ற இடதுசாரிக் கட்சி வெளியேறுவோம் என்றது. ஆக, இடதுசாரி என்றதும் ஒரே குரலைத் தேடினால் கிடைக்காது. இதைப் புரிந்துகொள்ளவே எங்களுக்கு இரண்டு மாதம் பிடித்தது.

ரேமண்ட் க்ராட்டி என்ற மனிதரைப் பற்றி நடந்த கூட்டத்தை மறக்கவே முடியாது. கில்கென்னியில் விவசாயம் செய்தவர், பிறகு வேளாண் பொருளியல் படித்து அறிஞரானார். உறுப்பு நாடுகளை ஒரே சந்தையாக்கும் ஒப்பந்தமான ஐரோப்பிய ஒற்றைச் சட்டத்தை மக்களைக் கேட்காமல் ஏற்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்று தனி ஆளாக வழக்குப் போட்டார். 1987 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நாட்டின் வெளியுறவு முடிவுகளைக் கட்டிப்போடும் ஒப்பந்தத்துக்கு அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும், அதற்கு மக்களிடம் போக வேண்டும் என்றது. இன்றுவரை பெரிய ஐரோப்பிய ஒப்பந்தம் வந்தால் அயர்லாந்து மக்கள் வாக்குச்சாவடிக்குப் போவது இந்த ஒரு வழக்கால்தான். அந்த மாலை நம் உறுப்பினர் ஒருவர், "ஒரு விவசாயி இதைச் செய்திருக்கிறாரே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன் பலனையும் பார்த்தோம். 2001இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீஸ் ஒப்பந்தத்தை மக்கள் நிராகரித்தார்கள், அடுத்த வருடமே மறுபடி கேட்டு ஆம் வாங்கினார்கள். 2008இல் அடுத்து வந்த லிஸ்பன் ஒப்பந்தத்துக்கும் வேண்டாம் என்றார்கள். நடுநிலை (எந்த ராணுவக் கூட்டணியிலும் சேராமல் இருப்பது), வரி போன்றவற்றில் சில உறுதிமொழிகளைக் கொடுத்து 2009இல் மறுபடி கேட்டார்கள். அப்போது 67 விழுக்காடு ஆம். இடையில் பொருளாதாரம் சரிந்துபோயிருந்ததை மறக்கக் கூடாது. பயந்துபோன மக்களிடம் வாங்கிய ஆம் அது என்று இடதுசாரிகள் இன்றும் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

அடுத்து வங்கிக் கடன் கதை. இந்தக் கூட்டத்துக்குத்தான் இளையவர்கள் அதிகம் வந்தார்கள். 2008 செப்டம்பர் கடைசியில், ஒரே இரவில், வங்கிகளின் கடனுக்கு அரசு பொறுப்பேற்றது. வங்கிகளைத் தூக்கி நிறுத்த ஆன செலவு சுமார் 6,400 கோடி யூரோ. 2010 நவம்பரில் ஐரோப்பிய ஆணையம், ஐரோப்பிய மத்திய வங்கி, பன்னாட்டு நிதியம் மூன்றும் சேர்ந்து 8,500 கோடி யூரோ உதவித் திட்டம் என்று அறிவித்தன. அதில் 1,750 கோடி அயர்லாந்தின் சொந்தப் பணம், ஓய்வூதியச் சேமநிதியிலிருந்தும் அரசின் கையிருப்பிலிருந்தும் எடுத்தது. அந்த மாதம் ஐரோப்பிய மத்திய வங்கித் தலைவர் த்ரிஷே, அயர்லாந்து நிதியமைச்சர் பிரையன் லெனிஹனுக்கு எழுதிய கடிதம் நான்கு வருடம் கழித்து வெளியானது. திட்டத்துக்கு விண்ணப்பிக்காவிட்டால் வங்கிகளுக்குத் தரும் அவசர நிதி நிற்கலாம் என்று அதில் இருந்தது. ஐரோப்பா பற்றி அயர்லாந்து இடதுசாரி ஒருவரிடம் பேச்சுக் கொடுங்கள், பத்து நிமிடத்துக்குள் இந்தக் கடிதத்துக்கு வந்துவிடுவார்.

கார்க் மாவட்டத்தில் பாலிஹே என்று ஒரு சின்ன ஊர். 2011 மார்ச் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் அந்த ஊர் மக்கள் சாலையில் இறங்கி நடந்தார்கள். தனியார் வங்கிகளின் கடன் பத்திரக்காரர்களுக்கு நாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்பதுதான் அவர்கள் கேள்வி. பல வருடம், வாரம் தவறாமல். கட்சிக்காரர்கள் கூட்டிவந்த கூட்டம் அல்ல அது. அதன் படங்களைத் திரையில் போட்டபோது அறை அமைதியாகிவிட்டது. 2014இல் தண்ணீர்க் கட்டணத்துக்கு எதிராக லட்சக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்ததும், அரசு 2016இல் அதை நிறுத்தி வைத்ததும் இந்தக் கோபத்தின் தொடர்ச்சிதான்.

சரி, ஐரோப்பா என்றாலே எதிர்ப்பு என்று முடிவுகட்ட முடியாது என்பதையும் படித்தோம். ஆப்பிள் நிறுவனத்திடம் 1,300 கோடி யூரோ வரி வாங்க வேண்டும் என்று 2016இல் சொன்னது பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஐரோப்பிய ஆணையம். வேண்டாம் என்று வழக்காடியது அயர்லாந்து அரசு. வாங்கி வீடு கட்டுங்கள் என்று இடதுசாரிகள் ஆணையத்தின் பக்கம் நின்றார்கள். 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் இறுதித் தீர்ப்புச் சொல்ல, பணம் வந்து சேர்ந்தது. மாத வாடகை கட்டவே திணறும் நம் உறுப்பினர்கள் இந்த விஷயத்தில் மிகத் தெளிவாகப் பேசினார்கள்.

மே மாதம் நடைப்பயணம். தொழிற்சங்கக் கட்டடமான லிபர்ட்டி ஹாலில் தொடங்கினோம். எதிரே தொழிலாளர் தலைவர் ஜேம்ஸ் கானலியின் சிலை, பின்னால் நட்சத்திரங்கள். நாம் சப்தரிஷி மண்டலம் என்பதை இவர்கள் ஏர் என்கிறார்கள். அந்த ஏர்தான் 1913இல் தொழிலாளர்களைக் காக்க உருவான குடிமக்கள் படையின் கொடி. முதல் உலகப் போரின்போது இந்தக் கட்டடத்தின் முகப்பில், மன்னருக்கும் இல்லை, கெய்சருக்கும் இல்லை, அயர்லாந்துக்கே எங்கள் ஊழியம் என்று பதாகை கட்டியிருந்தார்கள். இன்றைய நடுநிலைப் பேச்சுக்கு வேர் அங்கே இருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான எழுச்சியில் காயம்பட்டு நிற்க முடியாமல் இருந்த கானலியை 1916 மே 12 அன்று கில்மெய்னம் சிறையில் நாற்காலியில் கட்டிச் சுட்டார்கள். அந்த முற்றத்தில் நம் குழந்தைகளும் பேசாமல் நின்றார்கள். அதே வருடங்களில் இந்த ஊரில் சட்டம் படித்த வி. வி. கிரி பின்னாளில் ரயில்வே தொழிற்சங்கத் தலைவராகி, 1937இல் சென்னை மாகாணத்தின் தொழில் அமைச்சராகவும் இருந்தவர் என்பதை நடந்துகொண்டே பேசினோம்.

ஹென்றி தெருவிலும் நின்றோம். 1984 ஜூலை 19 அன்று டன்ஸ் பேரங்காடியில் பில் போடும் இடத்தில் இருந்த மேரி மேனிங் என்ற 21 வயதுப் பெண், தென்னாப்பிரிக்கக் கிரேப்ஃப்ரூட் பழத்துக்குப் பில் போட மறுத்தார். அது அவருடைய தொழிற்சங்கத்தின் முடிவு. பணி இடைநீக்கம் செய்தார்கள், சக பணியாளர்கள் கூடவே வெளியே வந்தார்கள். வாரம் 21 பவுண்டு போராட்டப் படியில் ஏறக்குறைய மூன்று வருடம். நிறவெறி என்றால் என்னவென்று ஆரம்பத்தில் அவர்களில் பலருக்குச் சரியாகத் தெரியாது. நாடு விட்டு வந்த நிம்ராட் செஜாகே என்ற தென்னாப்பிரிக்கர் மறியலில் கூட நின்று விளக்கிச் சொன்னார். 1987இல் தென்னாப்பிரிக்க விளைபொருள் இறக்குமதிக்கு அரசு தடை போட்டது. 2018இல் செனட்டர் ஃபிரான்சிஸ் பிளாக் கொண்டுவந்த ஆக்கிரமிப்புப் பகுதிகள் மசோதாவும் இதே வழியில் வந்தது: பாலஸ்தீனப் பகுதிகளில் இஸ்ரேல் அமைத்த சட்டவிரோதக் குடியிருப்புகளில் விளைந்ததை வாங்க மாட்டோம் என்பது. வணிகம் ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகாரம் என்று சொல்லி வருடக்கணக்கில் இழுத்தார்கள். அயர்லாந்து 2024 மேயில் பாலஸ்தீனத்தை அங்கீகரித்தது. மசோதாவின் பொருட்கள் பகுதியை மட்டும் 2025இல் அரசு கையில் எடுத்தது. சேவைகளையும் சேர்க்க வேண்டும் என்ற போராட்டம் நடந்துகொண்டிருக்கிறது.

செப்டம்பர் கூட்டம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அண்ணன் ஒருவர் கேட்டு நடந்தது. 2010 ஜனவரியில் இலங்கை குறித்த மக்கள் தீர்ப்பாயம் இதே டப்ளினில், ட்ரினிட்டி கல்லூரியில் கூடியது. போர்க் குற்றங்களும் மானுடத்துக்கு எதிரான குற்றங்களும் நடந்தன என்று முதலில் சொன்ன மன்றங்களில் அது ஒன்று. 2002 போர்நிறுத்தம் குலைந்ததில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் பங்கு உண்டு என்றும் அது சொன்னது. "எங்கட கதையைக் கேக்க முதல்ல கதிரை போட்டுத் தந்தது இந்த ஊர்தான்" என்றார் அண்ணன். அதற்குமேல் அன்று யாரும் பேசவில்லை.

உக்ரைன் பற்றிய கூட்டத்தில் நமக்குள் கடுமையாகக் கருத்து மோதியது. அதை மறைக்காமல் பதிவு செய்கிறேன். அயர்லாந்து இடதுசாரிகளுக்கு ஏகாதிபத்தியம் என்றால் லண்டனும் வாஷிங்டனும்தான் முதலில் கண்ணில் படுகின்றன. போலந்திலும் பால்டிக் நாடுகளிலும் அதே சொல்லைக் கேட்டால் மாஸ்கோ நினைவுக்கு வருகிறது. இரண்டு நினைவும் உண்மை. இதை நேர்மையாக எதிர்கொள்வதில் இங்குள்ள இடதுசாரிகள் சிலர் தடுமாறினார்கள் என்பது என் கருத்து. அதற்காக, பன்னிரண்டுக்கு மேற்பட்ட வீரர்களை வெளிநாடு அனுப்ப ஐநா ஒப்புதல், அரசு, நாடாளுமன்றம் என்று மூன்றும் வேண்டும் என்கிற மூன்று பூட்டில் ஐநா பூட்டை எடுத்துவிட அரசு போட்டிருக்கும் திட்டத்தை நான் ஏற்கவில்லை. ஐநா பாதுகாப்பு மன்றத்தில் ஒரு வல்லரசு வேண்டாம் என்று கை தூக்கினால் நாம் நின்றுவிட வேண்டுமா என்று அரசு கேட்கிறது. கேள்வி சரி. ஆனால் சின்ன நாடு தன் பிள்ளைகளை யாருடைய போருக்கும் அனுப்பாமல் இருக்க வைத்திருக்கும் பூட்டு அது.

கோடையில் இந்தியர்கள் மேல் நடந்த தாக்குதல்கள் நம் எல்லோரையும் பாதித்தன. ஆகஸ்ட் கூட்டத்தை இணையவழியில் வைத்தோம், இரவு வேலை முடிந்து வரும் செவிலிய உறுப்பினர்களை அழைத்துவர வண்டி ஏற்பாடு செய்தோம். அந்த நாட்களில் நம்மோடு வந்து நின்ற உள்ளூர்த் தொழிற்சங்கத்தினருக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் இந்த அறிக்கை வழியாக நன்றி சொல்கிறோம்.

அக்டோபர் 24 அன்று குடியரசுத் தலைவர் தேர்தல். இடதுசாரிக் கட்சிகள் சேர்ந்து ஆதரித்த கேத்தரின் கானலி, நடுநிலையையும் ஐரோப்பாவின் ஆயுதச் செலவையும் பேசியே சுமார் 63 விழுக்காடு வாக்கு வாங்கினார். குடியுரிமை பெற்ற நம் உறுப்பினர்கள் சிலருக்கு அது இந்த நாட்டில் முதல் வாக்கு. மற்றவர்கள் கவனிக்க: உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கக் குடியுரிமை தேவையில்லை, இங்கே வசித்தால் போதும். பெயர் பதிவு செய்யாதவர்கள் இன்று என்னிடம் படிவ விவரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

நிர்வாகம் பற்றிச் சுருக்கமாக. நாம் கூடிவந்த அறையின் வாடகை ஏறியதால் நவம்பரிலிருந்து இந்த இடத்துக்கு வந்திருக்கிறோம். நூலகப் பெட்டியில் நான்கு புத்தகங்கள் திரும்பி வரவில்லை. தேநீர்ப் பொறுப்பை வருடம் முழுக்க ஏற்ற தம்பதியருக்கு நன்றி. கணக்கைப் பொருளாளர் அக்கா அடுத்து வாசிப்பார்.

2026 ஜூலை முதல் டிசம்பர் வரை ஐரோப்பிய ஒன்றிய மன்றத்தின் தலைமை அயர்லாந்திடம் வருகிறது. அந்த ஆறு மாதமும் நடுநிலை பற்றிய விவாதம் சூடாகவே இருக்கும். அதனால் அடுத்த வருடமும் இதே பொருளைத் தொடரலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. பிப்ரவரிக் கூட்டத்தில் காங்கோவில் ரப்பர் கொடுமைகளை 1904இல் அம்பலப்படுத்திய ரோஜர் கேஸ்மெண்ட் பற்றிப் பேச ஒருவர் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.