பாட்டியின் மூஸ் கணக்கு

அன்புள்ள மாலதி,

அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் அவர் பொறுப்பில் விடாதே, வேளை தப்பிவிடும்.

"கனடாவின் வடக்கே போய் அப்படி என்னடி வேலை?" என்று கேட்டிருந்தாய். யெல்லோநைஃபில் அறை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறேன். போன வாரம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பேன். சிரிக்காதே, இதற்குத்தான் சம்பளம். இங்குள்ள தெனே என்ற பூர்வகுடி மக்களுக்கு வேட்டைக் கறியும் ஏரி மீனும்தான் பழகிய சாப்பாடு. அதோடு பாதரசம், காட்மியம் என்ற நச்சு உலோகங்களும் உடம்புக்குள் எவ்வளவு போகிறது என்று பார்க்க, எதை, எவ்வளவு, எத்தனை முறை என்று முதலில் தெரிய வேண்டுமே.

அங்கேதான் வம்பு. "மூஸ் கறி மாதத்துக்கு எத்தனை முறை?" என்கிறது படிவம். (மூஸ் என்பது குதிரையைவிட உயரமான மான்.) கேட்டதும் ஒரு பாட்டி சிரித்துவிட்டார். செப்டம்பரில் மகன் அடித்துக் கொண்டுவந்தால் தினமும் கறி. இல்லாவிட்டால் அண்ணன் வீட்டிலிருந்து வரும் பங்குதான். இதில் மாதச் சராசரி ஏது? அளவுக்கு வைத்திருக்கும் பிளாஸ்டிக் கறித்துண்டை எடுத்து, "இவ்வளவா?" என்று காட்டினேன். "நாய்க்குக்கூடக் காணாது" என்றார்.

எந்த உறுப்பு என்றும் கேட்டாக வேண்டும். காட்மியம் சதையில் அதிகம் தங்காது, சிறுநீரகத்திலும் ஈரலிலும்தான் சேரும். சிகரெட் பிடிப்பவர்களுக்குப் புகையிலிருந்தும் வரும், பழி மட்டும் மூஸுக்கு! மீனிலும் அப்படித்தான். மற்ற மீன்களைத் தின்று வயதான லேக் டிரவுட், பைக் என்ற மீன்களில் பாதரசம் கூடும், ஒயிட்ஃபிஷ் என்ற மீனில் குறைவு.

ஞாபகத்தை மட்டும் நம்ப முடியாது என்பதால் தலைமுடியிலும் கொஞ்சம் வெட்டி வாங்கிக்கொள்கிறோம். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும். வேர்ப்பக்கத்திலிருந்து துண்டு துண்டாகச் சோதித்தால், எந்த மாதத்தில் பாதரசம் ஏறியது என்று தெரிந்துவிடும். கல்லூரியில் இடுப்புவரை தொங்கிய உன் பின்னல் கிடைத்தால் ஐந்து வருஷ மீன்குழம்புக் கணக்கை எடுத்துவிடுவேன்.

இந்த வகை ஆய்வில் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1980களில் கியூபெக் மாகாணத்தில் எரிக் டெவாய்லி என்ற ஆய்வாளர் தாய்ப்பாலில் பிசிபி என்ற தொழிற்சாலை நச்சு ரசாயனத்தை அளந்தார். தொழிற்சாலையே இல்லாத, மாகாணத்தின் வடகோடியான நுனாவிக்கில் வாழும் இனுயிட் பூர்வகுடிப் பெண்களின் பால் சுத்தமாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். தெற்கில் இருப்பவர்களைவிட ஐந்து மடங்கு இருந்தது! காற்றும் கடலும் கொண்டுவந்த விஷம் சீல், பெலுகா திமிங்கிலக் கொழுப்பில் சேர்ந்து அவர்கள் தட்டுக்கு வந்திருக்கிறது. யாரோ எங்கோ போட்ட குப்பை.

அளப்பதைவிடச் சொல்வதுதான் எனக்குப் பயம். ஓர் ஊரில் நாங்கள் ஒட்டிய மீன் படத்தையும் "பாதரசம்" என்ற எழுத்தையும் பார்த்துவிட்டு, ஒரு பெண் வீட்டில் மீனையே நிறுத்திவிட்டாள். பிள்ளைகளுக்கு டின் கறியும் சோடாவும். ஒயிட்ஃபிஷ் தாராளமாகச் சாப்பிடலாம் என்று புரியவைக்க மறுபடி இரண்டு முறை போனேன். தாளை எழுதியதில் நானும் ஒருத்தி.

சரி, நீ புள்ளியியல் நடத்துகிறவள்தானே. அண்ணன் வீட்டிலிருந்து வரும் அந்தப் பங்கை எந்தக் கட்டத்தில் எழுதுவது? யோசித்து எழுது.

அன்புடன்,
செல்வி